ஸ்கூபா விடுமுறை: பெங்களூரிலிருந்து அந்தமானா, லட்சத்தீவா, மாலத்தீவா?

ராமமூர்த்திநகர் வாசி
ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். ஜனவரியில் எட்டுப் பத்து நாள் விடுப்பு வேண்டும் என்று ஆபீசில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். நான், மனைவி, பதினொரு வயது மகன். கடலுக்கு அடியில் இறங்கிப் பவளப்பாறை பார்க்க வேண்டும் என்று மகன் ரொம்ப நாளாகக் கேட்கிறான். எனக்கும் அந்த ஆசை உண்டு. நான் சுமாராக நீந்துவேன். மகன் அல்சூர் ஏரிப் பக்கம் உள்ள நீச்சல் குளத்தில் பழகி நன்றாகவே நீந்துகிறான். மனைவிக்கு நீச்சல் தெரியாது, ஆனால் தண்ணீரென்றால் பயமும் கிடையாது.

ஆபீசில் கேட்டால் பாதிப் பேர் மாலத்தீவு என்கிறார்கள், பாதிப் பேர் அந்தமான். அண்ணன் லட்சத்தீவு போ, கூட்டமே இருக்காது என்கிறார். படங்களைப் பார்த்தால் எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. குடும்பத்தோடு போய் வந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும். செலவு கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை. ஒரு ராத்திரிக்கு அரை லட்சம் கேட்கும் தண்ணீர் வில்லா மட்டும் வேண்டாம்.

ஊர்சுற்றி
ஞாயிறு, இரவு 9.55

மாலத்தீவு போங்கள், தயங்கவே வேண்டாம். அங்கே போனால் ரிசார்ட்டில்தான் தங்க வேண்டும் என்ற காலம் போய்விட்டது. 2009 வாக்கிலேயே மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அனுமதி கொடுத்துவிட்டார்கள். மாஃபுஷி, துளுஸ்தூ, திகுரா போன்ற தீவுகளில் நம் ஊரில் ஒரு நல்ல ஓட்டலுக்கு ஆகும் வாடகையில் அறை கிடைக்கும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா அங்கே இறங்கியதும் இலவசம். பெங்களூரிலிருந்து மாலேவுக்கு நேரடி விமானமும் இருக்கிறது. திகுராவில் தங்கினால் தெற்கு அரி பவளத்தீவின் வெளி விளிம்பில் வருடம் முழுவதும் திமிங்கலச் சுறா பார்க்க வாய்ப்பு உண்டு. பா என்ற பவளத்தீவின் ஹனிஃபாரு வளைகுடாவில் ஆனைத்திருக்கைகள் கூட்டங் கூட்டமாக வரும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பையன் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டான்.

நீரடி
திங்கள், காலை 6.25

ஊர்சுற்றி சொன்னதில் ஒரு திருத்தம். ஹனிஃபாருவில் ஆனைத்திருக்கைகள் கூடுவது தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில். ஜனவரியில் போனால் வெறும் தண்ணீரைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். அதோடு அங்கே ஸ்கூபாவுக்கே அனுமதி இல்லை, மேலே மிதந்தபடி ஸ்நார்க்கல் மட்டும்தான்.

வாசி சார், எந்தத் தீவு என்பதை அப்புறம் பேசலாம். என்ன தகுதியோடு தண்ணீரில் இறங்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தீவு, மாதம், செலவு எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

ஒரு வழி, ஒரு நாள் அனுபவம். டிஸ்கவர் ஸ்கூபா என்று எழுதியிருப்பார்கள். அரை மணி நேரம் பாடம், இடுப்பளவு தண்ணீரில் பயிற்சி, பிறகு பயிற்சியாளர் கூடவே வந்து இறக்குவார். 12 மீட்டரைத் தாண்டக் கூடாது. நீச்சல் தேர்வு கிடையாது. உங்கள் மனைவிக்கு இது போதும்.

இன்னொன்று, ஓப்பன் வாட்டர் சான்றிதழ். இதில் 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். வேகம் கணக்கில்லை, எந்த நீச்சலும் சரி. பத்து நிமிடம் மிதந்து காட்டவும் வேண்டும். முடித்தால் 18 மீட்டர் வரை இறங்கலாம், உலகத்தில் எங்கும் செல்லும். பத்து வயது முடிந்த பிள்ளைகளுக்கு இதிலேயே ஜூனியர் உண்டு. உங்கள் மகன் வயதுக்கு 12 மீட்டர்தான் எல்லை, கூடவே சான்றிதழ் பெற்ற பெற்றோரோ பயிற்சியாளரோ இருக்க வேண்டும். அதனால் நீங்களும் மகனும் சேர்ந்தே படிப்பதுதான் சரி.

பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பாடத்தில் பாதியைப் பெங்களூரிலேயே முடித்துவிடலாம். தியரியை ஆன்லைனில் படிக்கலாம். குளத்துப் பயிற்சியை இங்கேயே வார இறுதியில் கொடுக்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். மாஸ்க்குக்குள் தண்ணீரை விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றுவது, காற்று தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துத் திரும்ப வைப்பது, கூட வருபவரின் காற்றைப் பகிர்ந்து மேலே வருவது எல்லாம் அதில் வந்துவிடும். முடித்ததும் ஒரு படிவம் கொடுப்பார்கள். ஒரு வருடத்துக்குள் அதைத் தீவில் காட்டினால் கடலில் நான்கு டைவ் மட்டும்தான் பாக்கி. அதற்கு இரண்டு நாள் போதும். இல்லையென்றால் விடுமுறையில் முதல் இரண்டு நாள் தீவில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பதிலும் குளத்திலும் போய்விடும்.

இப்போது தீவுக்கு வருவோம். பவளத்தீவுகளில் உள்ளே ஒரு கடல், வெளியே ஒரு கடல். உள்ளே இருப்பது லகூன். சுற்றிலும் பவளத்திட்டு அரணாக நிற்பதால் அலை கிடையாது. ஆழம் சில மீட்டர், அடியில் வெள்ளை மணல், நடுநடுவே பவளத் திரள்கள். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வெளி விளிம்பு அப்படி இல்லை. சுவர் போல இறங்கும், நீரோட்டம் இழுக்கும். மாலத்தீவில் பேர் போன டைவ் இடங்களில் பாதி, லகூனும் வெளிக்கடலும் சந்திக்கும் வாய்க்கால்கள். அங்கேதான் சுறாவும் திருக்கையும் வரும், நீரோட்டமும் அங்கேதான் கடுமை. இப்போதுதான் படித்து முடித்தவர்களை நான் அங்கே அனுப்ப மாட்டேன்.

என் யோசனை, அந்தமானில் ஹேவ்லாக். இப்போது பெயர் ஸ்வராஜ் தீவு. அதுவும் லகூன் தீவு இல்லை, ஆனால் கரையை ஒட்டிய பவளத்திட்டுகள் உண்டு. கரையிலிருந்தே நடந்து இறங்கக்கூடிய நீமோ ரீஃப் கற்றுக்கொள்ள ஏற்றது. லைட்ஹவுஸ், அக்வேரியம் என்ற டைவ் இடங்கள் இரண்டும் அடுத்த படி. ஜானீஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினக்கிள் ஆழமானவை, இந்தத் தடவை வேண்டாம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அடங்கி, தண்ணீர் தெளிந்திருக்கும்.

ஜெயநகர் அக்கா
திங்கள், காலை 10.40

வாசி, உங்கள் மனைவிக்காக எழுதுகிறேன். எனக்கும் நீச்சல் தெரியாது. ஹேவ்லாக்கில் இறங்கியிருக்கிறேன். எங்கள் படகில் வந்த பையன்கள் கரேன் இனத்தவர்கள், வடக்கே மாயாபந்தர் பக்கத்துக்காரர்கள். தண்ணீரில் அவர்கள் காட்டும் நிதானத்தைப் பார்த்தாலே நமக்குப் பாதிப் பயம் போய்விடும்.

அவரிடம் முன்னாடியே ஒன்று சொல்லி வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் வாயால் மூச்சு விடுவதுதான் கஷ்டமே. மூக்கு மாஸ்க்குக்குள் இருப்பதால் மூச்சே முட்டுவது போல மனம் சொல்லும். அப்போது மேலே போக அவசரப்படாமல், காலை மணலில் ஊன்றி நின்றபடி மெதுவாக இழுத்து நீளமாக விட்டால் சரியாகிவிடும். குமிழி மேலே போகும் சத்தம் காதில் விழும், அதையே கேட்டுக்கொண்டிருந்தால் போதும். எனக்கு அப்படித்தான் பழகியது.

கீழே போனதும் ஒரு கிளிமீன் பவளத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அந்தச் சத்தம் தண்ணீருக்குள் நறுக் நறுக்கென்று அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்படித் தின்ற பவளம் வயிற்றுக்குள் அரைபட்டு மணலாக வெளியே வருமாம். அதன் வாலுக்குப் பின்னால் வெள்ளைப் புகை மாதிரி மணல் கொட்டியதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

காது மூக்கு தொண்டை
திங்கள், மதியம் 1.15

மருத்துவர் என்ற முறையில் சில வார்த்தை. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அடுத்த 10 மீட்டரில் மூன்று மடங்கு. விகிதப்படி பார்த்தால் பெரிய மாற்றம் முதல் சில மீட்டரிலேயே நடந்துவிடுகிறது. காது வலி வருவதும் அங்கேதான். மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதி அழுத்தத்தைச் சமன் செய்வதை வலி வந்த பிறகு அல்ல, வலி வருமுன் ஒவ்வொரு மீட்டருக்கும் செய்ய வேண்டும். அடைத்தால் கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயல வேண்டும். ஓங்கி ஊதவே கூடாது, உள்காது கெட்டுப்போகும்.

சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் கிடையாது. மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு இறங்குவதும் வேண்டாம். கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்தால் மேலே வருவது பெரும் வேதனையாகிவிடும். பணம் கட்டியாயிற்றே என்று மக்கள் இறங்கிவிடுகிறார்கள். பிறகு காதில் ரத்தக் கசிவோடு எங்களிடம் வருகிறார்கள்.

இறங்கும் முன் உடல்நலப் படிவம் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் எல்லாம் அதில் கேட்டிருக்கும். இதில் ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பெங்களூரிலேயே டாக்டரைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள். தீவில் போய் டாக்டரைத் தேடினால் விடுமுறை கெடும். பையனுக்கு வீசிங் வந்ததுண்டா என்பதை இன்றைக்கே யோசித்துப் பாருங்கள்.

தூத்துக்குடித் தம்பி
திங்கள், இரவு 8.30

எல்லோரும் எங்கே இறங்கலாம் என்று பேசுகிறோம். இறங்கும் இடத்தின் நிலைமையையும் கொஞ்சம் பேசுவோம்.

எங்கள் ஊர்க் கடலில் சங்கு குளிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை வரிசையாக 21 தீவுகள். 1986இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். இன்று அதில் இரண்டு தீவுகள் கடலுக்கு அடியில். பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும். சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க எதுவும் இல்லாமல் மணல் கரைந்து போனது. 2005 வாக்கில்தான் வெட்டுவது நின்றது. பவளம் அழகுக்காக மட்டும் அங்கே இல்லை, தீவையே அதுதான் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதை எங்கள் பக்கத்துக்காரர்கள் கண்ணெதிரே பார்த்தோம்.

இப்போது வெட்டுபவர் இல்லாமலே சாகிறது. தண்ணீரின் சூடு வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே போதும், பவளம் தனக்குள் வைத்து வளர்க்கும் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. அதற்கு நிறமும் சோறும் அந்தப் பாசிதான். வெளுத்துப் போய்ச் சூடு தணியாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். 1998, 2010, 2016 என்று அடுத்தடுத்து அடி விழுந்தது. 2024 ஏப்ரலில் உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு என்று அறிவித்தார்கள், லட்சத்தீவும் அதில் தப்பவில்லை. அகத்தி, கட்மத், கவரத்தி மூன்றையும் மைசூரின் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் 24 வருடம் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். உயிருள்ள பவளம் 1998இல் சுமார் 37 சதவீதம், 2022இல் சுமார் 19 சதவீதம். பாதியாகிவிட்டது.

இந்த நிலையில் பழக்கமே இல்லாதவர்களைக் கூட்டங் கூட்டமாகப் பவளத்தின் மேல் இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கிளை விடும் பவளம் வேகமாக வளர்வது என்றாலும் வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுதான். குண்டுக்கல் மாதிரி இருக்கும் வகை வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது. ஒருவர் தடுமாறிக் காலை ஊன்றினால் பல வருட வளர்ச்சி ஒரு நொடியில் போயிற்று. கோவாவிலும் மால்வணிலும் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு ஸ்கூபா என்று ஆட்களை அடுக்கிக்கொண்டு போகிறார்கள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம், ஒரு வீடியோ, அவ்வளவுதான். அதற்குப் பதில் அந்த ஆட்களை மேலே கண்ணாடிப் படகில் வைத்தே காட்டலாம்.

ஊர்சுற்றி
திங்கள், இரவு 9.20

தம்பி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் பவளத்தைக் கொல்வது முதலில் கடல் சூடு, அதற்கு ஸ்கூபா போகிறவர் மட்டும் பொறுப்பில்லை. மாலத்தீவையே பாருங்கள். சுறாவைப் பிடித்து விற்பதைவிட உயிரோடு காட்டுவதில் வருமானம் அதிகம் என்று தெரிந்த பிறகுதான் 2010இல் சுறா பிடிப்பதையே நாடு முழுக்கத் தடை செய்தார்கள். பார்க்க ஆள் வராவிட்டால் அந்தத் தடை வந்திருக்குமா? ஒரு பிள்ளை பதினொரு வயதில் ஒரு பேராமையை நேரில் பார்த்துவிட்டால் அவன் வாழ்நாளெல்லாம் கடலின் பக்கம் நிற்பான்.

தூத்துக்குடித் தம்பி
திங்கள், இரவு 9.45

பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. முறையாகக் கற்றுக்கொண்டு பார்க்கட்டும் என்கிறேன். சூட்டால் ஏற்கெனவே நொந்து கிடப்பதை நாமும் போய் மிதிக்க வேண்டாம்.

நீரடி
செவ்வாய், காலை 6.10

தம்பி சொல்வதை நான் முழுசாக ஏற்கிறேன். குளத்துப் பயிற்சியை நான் இவ்வளவு அழுத்திச் சொன்னதும் அதனால்தான். மிதவைச் சமநிலை என்று ஒன்று இருக்கிறது. மேலேயும் போகாமல் கீழேயும் அமிழாமல் மூச்சாலேயே உடம்பை ஒரே மட்டத்தில் நிறுத்துவது. மூச்சை இழுத்தால் ஒரு சாண் எழும்பும், விட்டால் ஒரு சாண் இறங்கும். இது கைவந்தவர் பவளத்துக்கு ஒரு முழம் மேலே மிதந்தபடி எதையும் தொடாமல் போவார். வராதவர் கையை வீசுவார், காலை உதைப்பார், காலில் மாட்டிய ஃபின்னின் நுனி பவளத்தில் படும், கிளறிய மணல் அதன் மேல் படியும். இரண்டு பேருக்கும் நடுவே உள்ள வித்தியாசம் குளத்தில் சில மணி நேரப் பழக்கம்தான்.

டைவ் கடையில் பணம் கட்டும் முன் ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். முதல் தடவை இறங்குபவர்களுக்கு ஒருவருக்கு ஒருவர் என்று சொன்னால் நல்ல இடம். மணல் தரையில் ஆரம்பிப்பீர்களா, நேரே பவளத்தின் மேலா என்றும் கேளுங்கள். மீனுக்கு பிரெட் போட்டு வரவழைப்போம் என்று பெருமையாகச் சொன்னால் அங்கே போகாதீர்கள். பதில் சொல்லத் தடுமாறும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடலாம், ஹேவ்லாக்கில் வேறு கடைக்குப் பஞ்சமில்லை.

வெள்ளி இரவு பஸ்
செவ்வாய், காலை 11.05

இவ்வளவு தூரம் போவானேன்? முருதேஸ்வரம் போய் நேத்ராணித் தீவில் டைவ் அடிக்கலாமே. வெள்ளி இரவு பஸ் ஏறினால் சனிக்கிழமை காலை அங்கே. படகில் ஒன்றரை மணி நேரம். செலவில் கால்வாசி கூட ஆகாது. ஞாயிறு மத்தியானம் வரை டைவ், சாயங்காலம் பஸ், திங்கள் காலை ஆபீஸ். பெங்களூர்க்காரர்களுக்கு இதுதான் வசதி.

நீரடி
செவ்வாய், மதியம் 12.50

நேத்ராணி நல்ல இடம். அக்டோபரிலிருந்து மே வரை நடக்கும், மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். அந்தமான் அளவு தெளிவு எல்லா நாளும் இருக்காது, ஆனால் மீன் கூட்டம் உண்டு. குளத்துப் பயிற்சி முடித்தவர்கள் பாக்கி நான்கு டைவை அங்கேயே முடிக்கலாம்.

ஆனால் நீங்கள் சொல்லும் ஞாயிறு சாயங்கால பஸ் கூடாது. டைவ் முடிந்த உடனே விமானம் ஏறக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம். இந்த விதி விமானத்துக்கு மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். விமானத்தில் ஏறினாலும் மலையில் ஏறினாலும் உடம்புக்கு உயரம் உயரம்தான். அந்த வழிகாட்டுதலே சுமார் 600 மீட்டர் உயரத்திலிருந்து ஆரம்பிக்கிறது. நம் பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே. மத்தியானம் தண்ணீரிலிருந்து வெளியே வந்து, சாயங்காலம் பஸ் ஏறி, ராத்திரியோடு ராத்திரியாக மலைப்பாதை ஏறினால் அந்த விதியைத்தான் மீறுகிறீர்கள். புதுச்சேரியில் டைவ் செய்துவிட்டு கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகக் காரில் திரும்புபவர்களுக்கும் இதே கதைதான். சென்னைக்காரருக்கு இந்தக் கவலை கிடையாது, நமக்கு உண்டு.

வெள்ளி இரவு பஸ்
செவ்வாய், மதியம் 2.30

நாங்கள் ஆபீஸ் கூட்டமாகப் போய் அன்று இரவே திரும்புவதுதான் வழக்கம். இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. விமானம் பறக்கும் உயரம் எங்கே, பெங்களூர் எங்கே?

காது மூக்கு தொண்டை
செவ்வாய், மாலை 4.20

விமானத்தின் உள்ளே அழுத்தம் அது பறக்கும் உயரத்துக்கு ஏற்ப இருக்காது. அதிகபட்சம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமமாக வைத்திருப்பார்கள். அதோடு ஒப்பிட்டால் பெங்களூரில் ஆபத்து குறைவு என்பது சரி, இல்லவே இல்லை என்பது சரியில்லை.

கீழே அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக மேலே வந்தால் நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். அதற்குத்தான் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்கிறார்கள். ஆனாலும் எல்லாம் உடனே போய்விடாது, பல மணி நேரம் மிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் வெளி அழுத்தம் குறைந்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல உள்ளேயே குமிழி கட்டும். மூட்டு வலி, தோலில் அரிப்பு, மரத்துப் போதல், மோசமானால் முதுகுத்தண்டே பாதிக்கும். பஸ்ஸில் ராத்திரி தூங்கி எழுந்து தோள் வலித்தால் சீட்டில் கோணலாகப் படுத்தோம் என்றுதானே நினைப்போம்? அதனால் ஒன்றும் ஆனதில்லை என்பதை நான் அவ்வளவு நம்ப மாட்டேன்.

ஞாயிறு டைவை விட்டுவிடுங்கள். சனிக்கிழமை மட்டும் இறங்கி, ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறுங்கள். அவ்வளவுதான்.

வெள்ளி இரவு பஸ்
செவ்வாய், மாலை 5.00

இது நியாயம். எங்கள் வாட்ஸாப் குழுவில் அப்படியே போட்டுவிடுகிறேன்.

ராமமூர்த்திநகர் வாசி
செவ்வாய், இரவு 9.30

அனைவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. லட்சத்தீவு பற்றி யாரும் சொல்லவில்லையே. லகூன்தான் கற்றுக்கொள்ள நல்லது என்றால் அங்கேதானே போக வேண்டும்?

கொச்சி கப்பல்
செவ்வாய், இரவு 10.15

லகூன் என்றால் லட்சத்தீவுதான், அதில் சந்தேகம் வேண்டாம். 36 தீவுகள், பத்தில்தான் மக்கள் வாழ்கிறார்கள். அகத்தியில் விமானம் இறங்கும்போதே லகூன் முழுசும் ஜன்னலில் தெரியும், ஓடுபாதையின் இரண்டு பக்கமும் கடல். லகூனில் பேராமைகள் கடல் புல் மேய்ந்துகொண்டிருக்கும். முழங்கால் தண்ணீரில் நின்றபடியே பார்க்கலாம்.

ஆனால் நினைத்தவுடன் டிக்கெட் போட்டுப் போக முடியாது. வெளியாட்கள் யாரானாலும் நுழைவு அனுமதி வேண்டும். போலீஸ் சரிபார்ப்புச் சான்று, தங்குமிட உறுதி எல்லாம் தயாராக இருக்க வேண்டும். கொச்சியிலிருந்து கப்பலிலும் போகலாம். எந்தத் தீவு என்பதைப் பொறுத்துப் பதினாலு, பதினெட்டு மணி நேரம் ஆகும், ஜனவரி சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். தங்கும் இடங்கள் குறைவு, டைவ் மையங்கள் அதைவிடக் குறைவு. கட்மத், பங்காரம், கவரத்தி என்று விசாரித்துப் பாருங்கள். சாப்பாடு சூரை மீனும் தேங்காயும்தான். எங்களுக்கு அது சொர்க்கம், சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

கூட்டம் இல்லாமல் இருப்பதற்குக் காரணமே இந்த அனுமதி முறைதான். குடிநீரும் இடமும் கொஞ்சமே உள்ள தீவுகளுக்கு அது தேவை என்றே நினைக்கிறேன். மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்க முடிந்தால் போங்கள்.

நிலாவெளி
புதன், காலை 8.00

வணக்கம். நான் திருகோணமலை, இப்ப பெங்களூரில் வேலை. ஒருவரும் எங்கட பக்கத்தைச் சொல்லவில்லை. இந்தியாவில் மழைக்காலம் எண்டு பல இடங்களில் டைவ் நிற்கிற மாதங்களில்தான் எங்கட கிழக்குக் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை சீசன். நிலாவெளிக் கரையில் இருந்து ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு, தேசியப் பூங்கா. ஆழமில்லாத பவளத்திட்டு, கரும்புள்ளிச் சுறாக் குட்டிகள் கால் மட்டத்தில் ஓடித் திரியும். தமிழில் கதைச்சே எல்லா அலுவலும் பார்க்கலாம். ஜனவரியில் வராதையுங்கோ, அது எங்களுக்கு மழையும் அலையும். பள்ளி விடுமுறையை யோசிச்சு மே மாதத்தில் வாங்கோ.

பழகின டைவர் ஆராவது இருந்தால் மட்டக்களப்புக்கு வெளியில் ஹெர்மிஸ் கப்பல் இருக்கு. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கி. 50 மீட்டருக்கும் மேல் ஆழம், சாதாரண சான்றிதழோடு இறங்கிற இடமில்லை.

ராமமூர்த்திநகர் வாசி
புதன், இரவு 9.05

வீட்டில் உட்கார்ந்து பேசினோம். ஜனவரிக்கு அந்தமான். லட்சத்தீவை அடுத்த வருடத்துக்கு முன்கூட்டியே திட்டமிடுகிறோம். நானும் மகனும் குளத்துப் பயிற்சியை நவம்பரில் இங்கே முடிக்கிறோம். மனைவியும் அதுவரை நீச்சல் வகுப்பில் சேர்கிறேன் என்கிறார், முடிந்த மட்டும் கற்றுக்கொள்ளட்டும். பையனுக்கு வீசிங் வந்ததில்லை.

சில்லறைக் கேள்விகள். எனக்குக் கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது, என்ன செய்வது? காப்பீடு வேண்டுமா? கேமரா வாங்கலாமா? சன்ஸ்க்ரீன் பவளத்துக்குக் கெடுதல் என்கிறார்களே, உண்மையா?

நீரடி
புதன், இரவு 10.00

கண்ணாடிக்கு: பவர் வைத்த மாஸ்க் கிடைக்கும். சில டைவ் கடைகளிலேயே வைத்திருப்பார்கள், உங்கள் பவரை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போட்டும் இறங்கலாம், மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

காப்பீடு கட்டாயம். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் ஸ்கூபாவை விலக்கியிருப்பார்கள், சிறிய எழுத்தைப் படியுங்கள். டைவர்களுக்கென்றே டான் போன்ற அமைப்புகளின் காப்பீடு உண்டு. குமிழி நோய் வந்தால் அழுத்த அறையில் வைத்துத்தான் சிகிச்சை. அந்தமானில் அந்த வசதி போர்ட் பிளேர் கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது.

கேமரா இந்தத் தடவை வேண்டாம். கையில் கேமரா இருந்தால் கண் திரையில் இருக்கும், கால் பவளத்தில் இருக்கும். காற்று எவ்வளவு மீதம் என்று பார்க்கவும் மறந்துவிடும். சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மிச்சம் வைத்து மேலே வர வேண்டும் என்பதுதான் உங்கள் கவனத்தில் இருக்க வேண்டும். ஐந்து மீட்டர் தாண்டினாலே சிவப்பு நிறம் மங்கிவிடும், விளக்கு இல்லாமல் எடுத்த படமெல்லாம் நீலமாகத்தான் வரும்.

தூத்துக்குடித் தம்பி
புதன், இரவு 10.25

சன்ஸ்க்ரீன் பற்றி: ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் இரண்டும் பவளத்துக்குக் கேடு என்று ஹவாயிலும் பலாவிலும் விற்பனைக்கே தடை. ஜிங்க் ஆக்சைடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதைவிட நல்லது முழுக்கை வைத்த நீச்சல் சட்டை. பூசவும் வேண்டாம், கரையவும் கரையாது.

இன்னொன்று, பையனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத் துண்டைக் கூட எடுத்துவரக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 முதல் கற்பவளங்கள் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. விமான நிலையத்தில் பையைச் சோதித்து எடுப்பார்கள், பிறகு வழக்குதான்.

ஜெயநகர் அக்கா
வியாழன், காலை 7.15

உங்கள் மனைவி நீச்சல் கற்றுக்கொள்கிறார் என்று கேட்டு மிகவும் சந்தோஷம். பெண்களுக்கென்றே தனி நேரம் ஒதுக்கும் குளங்கள் இங்கே நிறைய உண்டு, பசவனகுடி பக்கம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

ராமமூர்த்திநகர் வாசி
வியாழன், காலை 9.40

நன்றி அக்கா. கடைசியாக ஒன்று. திரும்பும் விமானம் காலை பத்து மணிக்கு. முந்தின நாள் டைவ் எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும்?

நீரடி
வியாழன், காலை 10.10

பல நாள் இறங்கியிருப்பீர்கள், அதனால் 18 மணி நேரம். கணக்குப்படி முந்தின நாள் மாலை நான்கு மணிக்குள் மேலே வந்திருக்க வேண்டும். ஆனால் அப்படி வைத்தால் கப்பலைத் தவற விடுவீர்கள். ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேருக்குத் தனியார் படகே ஒன்றரை, இரண்டு மணி நேரம் எடுக்கும். கடல் கொந்தளித்தால் ரத்தும் செய்வார்கள். அதனால் கடைசி டைவை அதற்கும் முந்தின நாளே முடித்துக்கொண்டு, காலைப் படகில் போர்ட் பிளேர் வந்துவிடுங்கள். 2024இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். மத்தியானம் பையனுக்குச் செல்லுலார் சிறையைக் காட்டுங்கள். ராத்திரி அபர்டீன் பஜாரில் சாப்பிடுங்கள், கடைக்காரரிடம் தமிழிலேயே பேசிப் பாருங்கள். படகு டிக்கெட்டை மட்டும் விமான டிக்கெட் எடுத்த அன்றைக்கே போட்டுவிடுங்கள், ஜனவரியில் கடைசி நேரத்தில் கிடைக்காது.